அமெரிக்க வரித் தீர்ப்பும் நம் தள்ளுபடிக் கடிதங்களும்

திருப்பூர்,
செப்டம்பர் 5, 2025.

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 30 சனிக்கிழமை, இங்கே வாரச் சம்பள நாள். காலையில் டீக்கடைக்குள் நுழைந்ததுமே எங்கள் கம்பெனி அயர்னிங் மாஸ்டர் எழுந்து வந்து கேட்டார்: "ட்ரம்ப் வரியக் கோர்ட்டு ரத்துப் பண்ணிருச்சாமாங்க, இனி ஆர்டர் வந்துருமுங்களா?" அவர் கையில் பத்திரிகை இருந்தது. தலைப்பில் 'ரத்து' என்றுதான் இருந்தது. இல்லைங்க, தீர்ப்பு வந்திருக்கு, வரி அப்படியேதான் இருக்கு என்று சொன்னேன். அவருடைய முகம் விழுந்துபோனது. அதனால்தான் இந்தக் கடிதம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்றுமதி ஆவண வேலை பார்த்தவன் என்ற முறையில், நம் பின்னலாடை உட்பட இறக்குமதிகள்மேல் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் போட்ட கூடுதல் வரியைப் பற்றிய அந்தத் தீர்ப்பில் நம் ஊருக்கு எது உண்டு, எது இல்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

தீர்ப்பு சொன்னது வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவை ஒட்டி இருக்கும் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். அமெரிக்காவின் 13 ஃபெடரல் (மத்திய) மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் மற்ற 12ம் ஊர் எல்லையை வைத்து வழக்கு எடுப்பவை. இது மட்டும் பொருளை வைத்து எடுக்கிறது: காப்புரிமை, சுங்கம், அரசு ஒப்பந்தம், முன்னாள் படைவீரர் உதவித்தொகை இப்படி. 1982இல் பழைய சுங்க, காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தையும் இன்னொன்றையும் சேர்த்து உண்டாக்கினார்கள். நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றம் தரும் தீர்ப்பின் மேல் யார் முறையிட்டாலும் இங்கேதான் வரவேண்டும். நாம் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியின் சுங்கத் தகராறும் கடைசியில் போய்ச் சேரக்கூடிய இந்த நீதிமன்றத்தின் பெயர்கூடத் திருப்பூரில் பலருக்கும் தெரியாது. எனக்கே இந்த மே மாதம்தான் தெரியும்.

வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு காட்டன் டி-ஷர்ட் போதும். அமெரிக்கத் துறைமுகத்தில் அதற்கு வழக்கமான வரி 16.5 சதவீதம். இது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய வரிப் பட்டியலில் உள்ளது, பல காலமாக இருப்பது. 2025 ஆகஸ்ட் 7 முதல் அதன்மேல் 25 சதவீதம் ஏறியது. ஆகஸ்ட் 27 முதல், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இன்னொரு 25. மொத்தம் 66.5 ஆனது. மேலே ஏறிய இந்த 50 சதவீதத்துக்குக் காங்கிரஸ் வாக்களிக்கவில்லை. 1977ஆம் ஆண்டு அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் உத்தரவாகப் போட்டது. அந்தச் சட்டத்தில் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்று இருக்கிறது. சுங்கவரி என்ற சொல்லே கிடையாது. வரி போடும் அதிகாரத்தை அரசியலமைப்பு காங்கிரஸிடம் கொடுத்திருக்க, 'ஒழுங்குபடுத்து' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு பெரிய வரி அடங்குமா என்பதுதான் கேள்வி.

வழக்குப் போட்டு இதைக் கேட்டவர்கள் பெரிய புள்ளிகள் இல்லை. நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், பெண்களுக்கான சைக்கிள் உடுப்பு விற்கும் ஒன்று, மீன்பிடிச் சாமான் விற்கும் ஒன்று என ஐந்து சிறு வியாபாரிகள். தனியாக ஓரிகன் முதலான 12 மாநிலங்கள். மே 28இல் வர்த்தக நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஜூலை 31இல் வழக்கமான மூன்று பேர் அமர்வு இல்லாமல் 11 நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து வாதம் கேட்டு, ஆகஸ்ட் 29இல் 7க்கு 4 என்று தீர்ப்பளித்தார்கள்: இப்படி அளவும் எல்லையும் காலமும் இல்லாத வரியை அந்தச் சட்டத்தின் கீழ் போட முடியாது என்று.

கட்சி பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்று இங்கே சிலர் பேசுவது சரியல்ல. ஏழு பேரில் ஒருவர் ட்ரம்பின் கட்சியைச் சேர்ந்த மூத்த புஷ் நியமித்தவர். வரிக்கு ஆதரவாக எழுதிய நால்வரில் இருவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒபாமா நியமித்தவர்கள். மறுப்பு எழுதியவர்கள் கையிலும் சரக்கு இருந்தது. 1971இல் அதிபர் நிக்சன் சுங்கவரி உள்ள இறக்குமதிகளுக்கு 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். ஜிப் இறக்குமதி செய்த யோஷிடா என்ற நிறுவனம் வழக்குப் போட்டது (நம் ஜாக்கெட்டுகளில் தைக்கும் ஒய்.கே.கே. ஜிப்பின் குடும்பம்தான்). 1975இல் இதே நீதிமன்றத்தின் முன்னோடி, வரி செல்லும் என்றது. அன்றைய சட்டத்திலும் இதே 'ஒழுங்குபடுத்து' தான். ஆனால் நிக்சன் வரி சில மாதமே இருந்தது, காங்கிரஸ் வைத்த உச்சவரம்பைத் தாண்டவில்லை, இது அப்படியில்லை என்று பெரும்பான்மை பிரித்துக் காட்டியது. எனக்கு அந்தப் பிரிப்பு நியாயமாகவே படுகிறது. நிக்சனுக்குப் பிறகு காங்கிரஸே 1974இல் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலில் பெரும் பற்றாக்குறை வந்தால் அதிபர் 15 சதவீதம் வரை, 150 நாள் வரை வரி போடலாம் என்று அளந்து கொடுத்தது. அளந்து கொடுக்கத் தெரிந்தவர்கள், மூன்றே வருடத்தில், அந்த 1977 சட்டத்தில், அளவில்லாமல் அள்ளிக் கொடுத்திருப்பார்களா?

இனி, பலரும் கவனிக்காத பகுதி. தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் போக அவகாசம் கொடுத்து அக்டோபர் 14 வரை நிறுத்தி வைத்தார்கள். அரசு இந்த வாரமே அங்கே போய்விட்டது. வரி வசூலுக்கு எல்லோருக்கும் பொருந்துமாறு வர்த்தக நீதிமன்றம் கொடுத்த தடையையும் மேல்முறையீட்டு நீதிபதிகள் நீக்கி, அதை மறுபடி யோசிக்கச் சொல்லித் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். அந்த ரஷ்ய எண்ணெய் வரி, இந்த வழக்கில் நேராக இல்லவே இல்லை. அடிப்படைச் சட்டம் ஒன்றுதான் என்பதால் முடிவு அதையும் பாதிக்கலாம், அவ்வளவுதான். எஃகு, அலுமினிய வரிகள் வேறு சட்டம், அவை அசையாது.

நான் மிகவும் கவலைப்படுவது ரீஃபண்டைப் பற்றி. நாளை உச்ச நீதிமன்றமும் வரி செல்லாது என்று சொல்லி, கட்டிய பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால், அது யாருக்குப் போகும்? சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிவானவருக்கு. அதாவது நம் சரக்கை வாங்கும் அமெரிக்க நிறுவனத்துக்கு, பையருக்கு. டி.டி.பி. முறையில் தாமே அங்கு வரி கட்டி அனுப்பும் சிலரைத் தவிர, திருப்பூரில் யாருக்கும் அந்தப் பணத்தில் சட்டப்படி உரிமை இல்லை.

ஆனால் வரியில் ஒரு பங்கை இங்கே நாம் சுமக்கிறோம். எங்கள் பையர் ஒருவர், பெயர் வேண்டாம், ஏற்கெனவே உறுதியான ஆர்டருக்கு விலையைக் குறைக்கச் சொல்லி இரண்டு வரி மெயில் அனுப்பினார். துணி அறுத்தாகிவிட்டது. சரி என்று ஒப்புக்கொண்டு, புது விலையில் இன்வாய்ஸ் போட்டோம். அந்த மெயிலில் வரி என்ற சொல்லே இல்லை, 'விலைச் சலுகை' என்றுதான் இருந்தது. நாளை ரீஃபண்ட் வந்தால் எங்கள் பங்கைக் கேட்க எங்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. அந்தக் குறைந்த விலையை ஈடுகட்ட நாங்கள் போய், கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் காரர்களிடம் பீஸ் ரேட்டைக் குறைத்துக் கேட்டதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆகவே சக ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனித் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அது இன்ன தேதி இன்ன உத்தரவின் கூடுதல் வரிக்காக மட்டும் என்று எழுதுங்கள். வரி திரும்பக் கிடைத்தால் இத்தனை பங்கு எங்களுக்கு என்றும் எழுதி, பதிலாக ஒரு 'சம்மதம்' வாங்கி வையுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் அமெரிக்கச் சுங்க நுழைவு எண்ணைப் பையரிடம் கேட்டு ஃபைலில் போடுங்கள். அங்கே சரக்கு நுழைந்து சுமார் 314 நாளில் சுங்கம் கணக்கை முடிக்கிறது. முடித்தபின் ஆட்சேபம் தெரிவிக்க 180 நாள். இறக்குமதியாளர் அதைத் தவறவிட்டால் நமக்கும் போயிற்று. ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏறிய சரக்குக்கு, செப்டம்பர் 17க்கு முன் அங்கே சுங்கத்தில் நுழைந்தால் இரண்டாவது 25 கிடையாது என்பதையும் சில சிறு கம்பெனிகள் அறியாமல் அதற்கும் சேர்த்துத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) தேதியை எடுத்துப் பாருங்கள்.

நம் ஏற்றுமதியாளர் சங்கங்கள் ஒரு வழக்கறிஞரை வைத்து இந்தத் தள்ளுபடிக் கடிதத்துக்கு ஒரு மாதிரி தயாரித்து எல்லோருக்கும் கொடுத்தால், பத்து மெஷின் வைத்திருப்பவருக்கும் பயன்படும். உங்கள் பத்திரிகை அதை முழுதாக வெளியிட வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நகரும்போதெல்லாம், எது நின்றது, எது நிற்கவில்லை, எந்தத் தேதி வரை என்று தலைப்புக்குக் கீழேயே இரண்டு வாக்கியம் போடுங்கள். சனிக்கிழமை காலையில் அதைப் படிப்பவர்கள் அன்று மாலைச் சம்பளத்தை நம்பி இருப்பவர்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியில் உள்ள வாசகர்,
பல்லடம் சாலை, திருப்பூர்.