ஆறு பேர்ச்சில் ஒரு முற்றம்

மச்சான்,

சுகமா? நாலு மாதமாகப் பதில் போடாத பாவி நான்தான். திட்டுவதை நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் அச்சு அசல் உன் கோபுர மாமா.

சரி, விஷயம் இதுதான். கனடாவிலிருந்து ஒருவர் வெள்ளவத்தையில் ஆறு பேர்ச் காணி வாங்கியிருக்கிறார். அதில் நான் நாற்சார் வீடு, அதுதான் நடுவில் திறந்த முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள பழைய வீடு, வரைந்து தர வேண்டுமாம். ஆறு பேர்ச் என்றால் நம்மூர்க் கணக்கில் அரைப் பரப்புக்குச் சற்று மேல், ஆயிரத்து அறுநூறு சதுர அடி சொச்சம்! முற்றத்துக்கு மேலே கண்ணாடி, உள்ளே ஏசி, தூணைக் கொங்கிரீட்டில் வார்த்து மரநிறம் அடிக்க வேண்டுமாம். "தூணை வரையாதே, அது ஏன் வந்தது என்று வரை" என்று படிக்கும் காலத்தில் சேர் என் தாளைக் கிழித்தது ஞாபகம் வந்தது.

முதலில் சிரித்தேன். அப்புறம் இரவு தூக்கம் வரவில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்கு அல்பிரட் பிளேஸில் கட்டிய வீடும் கொழும்புக் காணியில் பழைய நடுமுற்றம்தானே? ஆனால் அவர் பழைய வீட்டின் முகத்தை எடுக்கவில்லை. வெயிலையும் மழையையும் நடுவீட்டுக்குள் விடும் பழக்கத்தை எடுத்தார். நகரம் நெருக்க, வீடு தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டு உள்ளே திரும்பி உட்கார்ந்தது. பிறகு அதைக் கழற்றி, எண் போட்டு, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் பொருத்திவிட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். முற்றம் அதே முற்றம். ஆனால் வெளியே நெரிசல் இல்லை, தோட்டம். அந்த மதில் யாரிடமிருந்து மறைக்கிறது? எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது, சிரிக்காதே.

பாவாவின் சொந்த வீடு வேறு மாதிரி. ஒழுங்கையில் வரிசையாக நின்ற நாலு சின்ன வீடுகளை வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். நடந்துவந்த ஒழுங்கையே வீட்டு நடையாகிவிட்டது. ஒரே மூச்சில் பிளான் போட்டிருந்தால் அந்த நடை யாருக்குத் தோன்றியிருக்கும்?

கண்ணாடியையாவது விடச் சொல்லி மன்றாடுகிறேன். மழை விழாவிட்டால் அது முற்றமா, வெறும் ஹோல். "நுளம்பு வரும்" என்கிறார் மனுசன். டெங்கு ஊரில் அதற்கு என்ன பதில் சொல்ல?

அதனால் ஒரு உதவி. உன் அம்மம்மா வீட்டு முற்றத்தை அளந்து அனுப்பு. தாழ்வார உயரம், தண்ணீர் எந்த மூலையால் வெளியே போகிறது, எல்லாம் வேண்டும். வியாழக்கிழமை அவரைச் சந்திக்கிறேன். காலடியால் அளக்காதே, போனமுறை பட்டது போதும். டேப் பிடி.

உன்,
மொட்டை