ஒரு மார்க் சண்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசின் நிதி ஆயோக் மாநிலங்களுக்கு மார்க் போடுகிற பட்டியல் ஒன்று வந்தால் போதும், தமிழ்நாடு உசத்தியா கேரளா உசத்தியா என்று டீக்கடை வரைக்கும் சண்டை வந்துவிடுகிறது. 2023-24 நிலைத்த வளர்ச்சிப் பட்டியலில் நூற்றுக்கு அவர்களுக்கு 79, நமக்கு 78. ஒரு மார்க்குக்கா இத்தனை சத்தம்?

எனக்குச் செங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1956 அக்டோபர் வரை எங்கள் பகுதியே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது கேரளத்துப் புனலூரில், அதனால் மாதம் ஒரு தடவையாவது ஆரியங்காவு மலை ஏறி இறங்குகிறவன், கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கூலி. எங்கள் தெருவில் கொத்தனார், கையாள் பாதிப் பேர் எல்லையில் இருக்கிற புளியரை தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். ரிசர்வ் வங்கி 2021-22க்குக் கொடுத்த கணக்கிலேயே கிராமப்புறக் கட்டடத் தொழிலாளிக்கு அங்கே நாளுக்கு 800 ரூபாய்க்கு மேல், இங்கே 500ஐத் தொடவில்லை. ஆனால் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்தால் மிச்சம் பிடிக்க முடியாது, காய்கறியே பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து லாரி ஏறிப் போகிறதே! அதனால் அங்கே சம்பாதித்து இங்கே செலவழிப்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. (வரும்போது சட்டைப்பையில் ஒரு லாட்டரிச் சீட்டும் இருக்கும். இங்கே 2003லேயே தடை செய்துவிட்டார்கள், யார் கேட்கிறார்கள்.)

ஆஸ்பத்திரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அத்தானுக்குச் சர்க்கரை, பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையத்தில் சாயங்காலம் போனாலும் டாக்டர் இருக்கிறார். நம்மிடமும் ஒன்றும் இல்லாமல் இல்லை, 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் 2020ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறந்தது அங்கே 6, இங்கே 13. இந்தியாவுக்கே 28 என்பதால் நம் 13ம் நல்ல எண்தான், சரி, அதற்காக மலைக்கு அந்தப் பக்கம் அதில் பாதிக்கும் கீழே இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் பணத்தில் இல்லை, கேட்கிற பழக்கத்தில் இருக்கிறது. அக்கா குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (நம்மூர் மகளிர் குழு மாதிரி) இருக்கிறாள். தெருவில் தண்ணீர் வரவில்லையென்றால் அடுத்த நாளே நாலு பெண்கள் சேர்ந்து வார்டு மெம்பரைப் பிடித்துவிடுகிறார்கள். நமக்கு இலவச பஸ் வந்தது, மாதம் 1,000 ரூபாய் வந்தது, பள்ளியில் காலைச் சாப்பாடு வந்தது, எல்லாம் நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லாம் மேலேயிருந்து வந்தது. உண்மையைச் சொன்னால் இத்தனை வயதில் நான் ஒரு கிராம சபைக்கும் போனதில்லை. கிராம சபை கூடுகிற ஆகஸ்ட் 15 என்றால் வீட்டில் தூங்குவேன்.

அதற்காகக் கேரளத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் அங்கே 15 முதல் 29 வயது வரை வேலை தேடுகிறவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வேலை இல்லை. அக்கா மகன் இஞ்சினியரிங் முடித்துவிட்டு வளைகுடாவில் இருக்கிறான், அந்தத் தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளே ஐந்தாறு. நம் பையன்களுக்கு ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் என்று போக இடமாவது இருக்கிறது. கல்லூரியில் சேர்கிறவர்கள் விகிதத்திலும் 2021-22ல் நூற்றுக்கு நாம் 47, அவர்கள் 41. இதைச் சொன்னபோது அத்தான் நம்பவே இல்லை, எழுத்தறிவில் 94 எங்கே 80 எங்கே என்று 2011 கணக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் குப்பை. 2024 டிசம்பரில் அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து நெல்லைப் பக்கம் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் லாரி அனுப்பி அள்ளிப் போனார்கள். சுத்தத்துக்கு மார்க் போடும்போது இதையும் யாராவது கழிக்கிறார்களா?

உங்களிடம் ஒரு கோரிக்கை. சென்னையையும் கொச்சியையும் கலந்து மாநிலச் சராசரி போட்டால் எங்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. கொல்லம் மாவட்டத்தையும் தென்காசி மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூலி, வாடகை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் விசாரித்து ஒரு கட்டுரை போடுங்கள். அடுத்த தடவை புனலூர் போகும்போது கையோடு எடுத்துப் போவேன். அத்தானுக்குத் தமிழ் படிக்க வராது, நான்தான் வாசித்துக் காட்டணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கோட்டை வட்டம்