சப்பல் ஹில் டீமும் எங்கட பழைய டீமும்

வெள்ளவத்தை

அன்புள்ள வசந்தி,

உன்ர கடிதம் கிடைச்சுது. மகளுக்கு நோர்த் கரோலைனாவில, சப்பல் ஹில் யூனிவர்சிட்டியில இடம் கிடைச்சதெண்டு வாசிச்சு சரியான சந்தோசம். அவள் என்ன படிக்கப் போறாள் எண்டு நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், எனக்கெண்டா அந்தப் பேரைக் கண்டதும் ஞாபகம் வந்தது அங்கத்தைப் பிள்ளையளின்ர ஹொக்கி டீம் தான். சிரிக்காத. நித்திரை வராத இரவுகளில நான் ஃபோனில பாக்கிறது இதுகளைத் தான், இவர் ஏசுறார்.

அமெரிக்காவில ஹொக்கி எண்டா ஐஸில விளையாடுறது, எங்கட விளையாட்டை ஃபீல்ட் ஹொக்கி எண்டு பிரிச்சுச் சொல்லோணும், யூனிவர்சிட்டிகளுக்கு இடையில நடக்கிற பெரிய போட்டி முழுக்கப் பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தான். எங்களுக்கு யூனியில நடந்த மாதிரி பெடியள் விளையாடி முடிச்சாப் பிறகு இருட்டுப்படுற நேரம் கிரவுண்ட் தாற கதை அங்க இல்ல. இந்த விளையாட்டை அங்கத்தைப் பொம்பிளையளுக்குள்ள பரப்பினது கொன்ஸ்டன்ஸ் அப்பிள்பீ எண்ட இங்கிலாந்து மனிசி, 1901ல ஹார்வர்டுக்குப் போன இடத்தில விளையாடிக் காட்டி, பிறகு வாஸர், வெல்லஸ்லி எண்டு பொம்பிளையளின்ர கொலிஜுகளுக்குப் போய்ப் பழக்கினவ. 107 வயசு மட்டும் இருந்தவவாம், ஓடித் திரிஞ்ச உடம்பு தானே!

ஆனா காசும் கிரவுண்டும் கேட்டு வாங்க ஒரு பிடி கிடைச்சது 1972ல, படிப்பிக்கிற இடங்களில ஆண் பெண் எண்டு பாகுபாடு காட்டக்கூடாதெண்டு சட்டம் வந்தாப் பிறகு தான். அமெரிக்க யூனிவர்சிட்டி விளையாட்டுகளை நடத்துற சங்கம் என்சிஏஏ, அது பொம்பிளையளின்ர ஹொக்கிக்கு சம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கினதே 1981ல, முதல் கப் கனெக்டிகட்டுக்குப் போனது. அதே வருசம் தான் சப்பல் ஹில்லுக்கு கரன் ஷெல்டன் கோச்சா வந்தா. முதல் கப் எடுக்க 1989 ஆச்சு. யோசிச்சுப் பார், எட்டு வருசம் கப் இல்லாமல் ஒரு கோச்சை வச்சிருந்திருக்கினம், இங்கயெண்டா ரெண்டாம் வருசமே ஆளை மாத்தியிருப்பினம். இடையில 1984 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில அவவே அமெரிக்க டீமில விளையாடி வெண்கலம் எடுத்தா. 2018லயும் 2019லயும் ரெண்டு சீசனிலயும் 23க்கு 23 மட்ச் வெற்றி. 2022ல பத்தாவது கப்போட ஓய்வு எடுத்தா, 42 சீசன்! அவ இருக்கேக்கயே ஸ்டேடியத்துக்கு அவவின்ர பேரை வச்சிட்டினம்.

அதுக்குப் பிறகு நடந்தது தான் எனக்குப் பிடிச்சது. அந்தக் கடைசி ஃபைனலில நோர்த்வெஸ்டர்னோட 2-1 எண்டு வெண்டவை, வெற்றிக் கோலை அடிச்சவள் எரின் மட்சன். அடுத்த சீசன் கோச் ஆர்? அவள் தான், பொறுப்புக் குடுக்கேக்க 22 வயசு. போன வருசம் தன்னோட ஒண்டா ஓடின பிள்ளையளுக்கு இந்த வருசம் கோச். ஆக்கள் சொல்லுக் கேப்பினமோ எண்டு நான் நினைச்சன், 2023லயும் அதே நோர்த்வெஸ்டர்னைப் பெனால்டி ஷூட்அவுட்டில விழுத்தி கப்பை எடுத்துட்டாள்.

எங்கட டீமை நினைச்சன் பிறகு. ஒவ்வொரு பட்ச்சும் வெளிக்கிட டீம் திரும்பப் பூச்சியத்தில இருந்து தொடங்கும், அக்காமாருக்குத் தெரிஞ்சது தங்கச்சிமாருக்கு வந்து சேராது. கிரவுண்டின்ர நடுவில கிரிக்கெட் பிட்ச், அதில பட்ட பந்து நேர முழங்காலுக்குத் தான் எழும்பும், மற்றப் பக்கம் புல்லுக்க நிண்டிடும், கீப்பருக்குக் குடுத்த பாட்ஸின்ர ஒரு வார் அறுந்து புடவைத் துண்டால கட்டினது ஞாபகமோ? சேர் கோட்டுக்கு வெளிய நிண்டு "துவன்ன துவன்ன" எண்டு கத்துவார், சிங்களம் விளங்காத நீயும் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஓடுவாய். அந்த மாத்தளைப் பிள்ளை எண்டா ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பி பந்தைக் கொண்டு போற வடிவு, அவள் மாதிரி ஒருத்தி நிண்டு பழக்கியிருந்தா எங்கட யூனியும் ஒரு கப்பைக் கண்டிருக்கும். இதை நான் சும்மா சொல்லேல்ல, உனக்கும் தெரியும்.

போன கிழமை ரீட் அவெனியூவில இருக்கிற ஆஸ்ட்ரோ, அதுதான் செயற்கைப் புல்லு ஹொக்கி கிரவுண்ட், அந்தப் பக்கம் போனன், பள்ளிக்கூடப் பிள்ளையள் பிராக்டிஸ். அவையள் பாஸ் பண்ணுற வேகத்துக்கு நாங்கள் கிட்டவும் வரமாட்டம், ஆஸ்ட்ரோவில பந்து அப்பிடி ஓடுது. கம்பியைப் பிடிச்சுக் கொண்டு கனநேரம் நிண்டிட்டன், மீன் வாங்க மறந்து போச்சு.

மற்றபடி அம்மாவுக்கு ஷுகர் பரவாயில்ல, எனக்கு முழங்கால் நோ, மாடி ஏறேலாது.

மகள் அங்க போனதும் ஷெல்டன் ஸ்டேடியத்தில ஒரு மட்ச் பாக்கச் சொல்லு. நீ உன்ர அலுமாரியைக் கிளறி எங்கட டீமின்ர குரூப் ஃபோட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்பு, பின்வரிசையில நிக்கிற ஆக்களின்ர பேரையும் எழுது, எனக்கு ரெண்டு பேரின்ர பேர் வருதில்ல.

அன்புடன்,
சாந்தி