வளையம் போட்ட பிறகும் மாத்திரை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் சுருக்க நோயில் வரும் ரத்த வாந்தியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போடும் சிகிச்சையை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் மாத்திரைக்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் ‘தேவைப்பட்டால் மாத்திரையும் தரப்படும்’ என்று. அந்தத் ‘தேவைப்பட்டால்’தான் என்னை எழுத உட்கார வைத்தது.

என் அப்பாவுக்கு முதல் தடவை ரத்த வாந்தி வந்தபோது வளையம் போட்டு நிறுத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ப்ரோப்ரனோலால் மாத்திரையும் எழுதித் தந்தார்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அப்புறம் ஒரே அசதியாக இருக்கிறது, படியேற முடியவில்லை என்றார். “அதான் வளையம் போட்டாச்சே, மாத்திரை எதுக்கு?” என்று தானாகவே நிறுத்திவிட்டார், நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம். மூன்றாவது வாரம் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை வாஷ்பேசின் நிறைய ரத்தம், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று நாட்களை மட்டும் நினைக்கவே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு சிகிச்சையும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனதும் குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் போக வழியில்லாமல், அதைக் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் வேறு வழி தேடி உணவுக்குழாயின் அடியில் இருக்கும் மெல்லிய நாளங்களுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்க வைக்கிறது. வளையம் அந்தப் புடைப்பின் கழுத்தைக் கட்டி மூடுகிறது, ஆனால் அழுத்தம் அப்படியேதான் இருக்கும், நாளாக ஆக வேறு இடத்தில் புதிதாகப் புடைக்கும். மாத்திரை அழுத்தத்தையே குறைக்கிறது. இதயத் துடிப்பைத் தணித்து, குடலுக்குப் போகும் ரத்தநாளங்களையும் சுருக்குவதால் போர்ட்டல் நாளத்துக்கு வரும் ரத்தம் குறைந்துவிடுகிறது. கல்லீரலுக்குள் வரும் நாளத்துக்கும் அதிலிருந்து வெளியே போகும் நாளத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே வந்தாலோ, இருந்ததில் 20 சதவீதம் குறைந்தாலோ மறுபடி ரத்தம் கசியும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ப்ரோப்ரனோலால் மறு ரத்தக்கசிவைத் தடுக்கும் என்று பிரான்சில் லெப்ரெக் என்ற மருத்துவரின் குழுவினர் 1981-லேயே எழுதிவிட்டார்கள், இது புது மருந்தே இல்லை.

எதுவும் செய்யாமல் விட்டால், ஒரு தடவை ரத்தம் கசிந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு ஓரிரண்டு வருடங்களுக்குள் திரும்ப வருகிறது. முன்பு நாளத்துக்குள் மருந்தை ஊசியாகச் செலுத்தி அடைப்பார்கள். 1992-ல் வந்த ஒப்பீட்டில் வளையம் போட்டவர்களுக்குச் சிக்கல்களும் குறைவு, இறப்பும் குறைவு என்று தெரிந்ததும் ஊசி பின்னுக்குப் போனது. வளையத்தையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மறு ரத்தக்கசிவை நன்றாகத் தடுக்கிறது, அதனால்தான் இன்று சர்வதேச வழிகாட்டுதல்கள் இரண்டையும் சேர்த்தே முதல் சிகிச்சையாகச் சொல்கின்றன. கல்லீரல் ஓரளவு கெட்டுப்போனவர்களுக்கு வளையம் மட்டும் போட்டு மாத்திரையை விட்டுவிட்டால் உயிர் பிழைப்பதிலேயே வித்தியாசம் தெரிகிறது.

டிப்ஸ் பற்றியும் கட்டுரையில் இருந்தது. கல்லீரலுக்குள்ளேயே ஒரு குழாய் பொருத்தி அழுத்தத்தை வடிய விடும் முறை. ரத்தக்கசிவைத் தடுப்பதில் மற்ற இரண்டையும்விட அதுதான் பலமானது, ஆனால் கல்லீரல் வடிகட்ட வேண்டிய ரத்தம் நேராக மூளைக்குப் போவதால் நினைவு தடுமாற்றம் கூடுகிறது, மொத்தத்தில் ஆயுளும் எல்லோருக்கும் கூடிவிடுவதில்லை. அதனால் வளையமும் மாத்திரையும் சேர்ந்தும் நிற்காதவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது. எங்கள் மருத்துவரும் அதைத்தான் சொன்னார்.

அப்பாவுக்கு வந்த அசதிக்கும் வழி இருந்தது, நாங்கள் கேட்காமல் விட்டதுதான் தப்பு. மருத்துவர் அளவைப் பாதியாகக் குறைத்து, பிறகு வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினார். துடிப்பு நிமிடத்துக்கு 55-லிருந்து 60 வரை, ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90-க்குக் கீழே போகக் கூடாது, இதுதான் கணக்கு. ப்ரோப்ரனோலால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதே வகையில் கார்வெடிலால் என்ற மாத்திரை இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வகையே ஆகாது, அவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் யாராக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது.

இப்போது அப்பா காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணி, காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறார். நான்கு தடவை வளையம் போட்ட பிறகு புடைப்புகள் அடங்கிவிட்டன, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோப்பிக்குப் போகிறோம்.

அந்த ஒரு வரியை அடுத்த இதழிலேயே திருத்திப் போடுங்கள். வளையம் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர் யாராவது அதைப் படித்துவிட்டு, நமக்கு மாத்திரை தேவைப்படாது போலிருக்கிறது என்று எடுத்து வைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்