இண்டிகேட்டர் ரிலே மாற்றப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் 2005ஆம் ஆண்டு கொரோலாவில் இண்டிகேட்டர் சில நேரம் எரிவதும் சில நேரம் அடங்கிவிடுவதுமாக இருக்கிறது என்றும், டேஷ்போர்டின் இடப்பக்கத்தைத் தட்டினால் மறுபடியும் டிக் டிக் என்று ஓடத் தொடங்கிவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே என்ற சிறிய பெட்டியின் விலையைக் காட்டிலும் அதைக் கழற்றி மாட்டும் கூலி அதிகம் என்று பட்டறையில் சொன்னதால், நீயே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக மாற்றலாம். இதில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. கை எட்டாத இடத்தில் இருக்கிறது, அதுதான் தொல்லை. பணிமனையில் நான் கையாண்டவை 24 வோல்ட் பேருந்துகள், உன்னுடையது 12 வோல்ட் கார். மற்றபடி இரண்டும் ஒரே கதைதான்.

ஆனால் ரிலேயை வாங்குவதற்கு முன்னால், குற்றம் அதனுடையதுதானா என்று உறுதி செய்துகொள். ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள்; அங்கே ரிலே தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பல்பு குறைந்ததால் மின்னோட்டம் குறைந்ததைக் கண்டுகொண்டு உன்னை எச்சரிக்கிறது. ஆபத்து நேரத்தில் ஒன்றாகத் துடிக்கும் ஹசார்ட் விளக்குகள் நான்கும் ஒழுங்காக எரிந்து, திருப்பும்போது மட்டும் எரியவில்லை என்றால், சாவி போட்ட பிறகு மின்சாரம் வரும் ஃபியூஸையோ ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சையோ சந்தேகிக்க வேண்டும். உன் காரில் இடமும் வலமும் ஹசார்டும் ஒன்றாகவே அடங்கி, தட்டினால் ஒன்றாகவே எழுகின்றன. ஃபியூஸ் எரிந்துபோயிருந்தால் தட்டி எழுப்ப முடியாது. ஆகவே ரிலேயின் உள்ளே ஈயப்பற்று விட்டிருக்க வேண்டும், அல்லது ரிலே அமரும் சாக்கெட்டில் பிடிப்புத் தளர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த காலையில் தொந்தரவு கூடுகிறது என்று நீ எழுதியிருப்பதும் இதையே காட்டுகிறது. விரிசல் கண்ட ஈயப்பற்று குளிரில் சுருங்கினால் விலகிக்கொள்ளும்.

அந்தச் சிறிய பெட்டி படும் பாட்டை நினைத்தால் அது பழுதாவதில் வியப்பில்லை. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை துடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. முன்னும் பின்னுமாக இரண்டு பல்புகள் எரியும்போது அதன் தொடுமுனைகள் வழியாக ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடுகிறது. துடிப்பு ஒவ்வொன்றிலும் அந்த ஓட்டத்தை இணைத்துத் துண்டிக்க வேண்டும். நீ ஒரு சிக்னலில் இண்டிகேட்டரைப் போட்டபடி ஒரு நிமிடம் காத்திருந்தால் சுமார் 90 முறை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வந்த உருண்டை டப்பா பிளாஷர்களில், அதாவது அந்தக் கால இண்டிகேட்டர் ரிலேக்களில், சூடேறினால் வளையும் இரட்டை உலோகத் தகடு ஒன்றுதான் இந்த வேலையைச் செய்தது. இப்போது நேரத்தைக் கணக்கிடுவது மின்னணுச் சில்லு என்றாலும், உன் கார் போன்றவற்றில் கடைசியில் விளக்கை எரியவிடுவது உலோகத் தொடுமுனைதான். உன் காதில் விழும் டிக் டிக் ஓசையும் அதனுடையதுதான்.

அந்த ஓசையை வைத்தே அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடி. நீ அனுப்பிய படத்தில், உங்கள் ஊரில் ஓட்டுநர் அமரும் இடப்பக்கத்து ஃபியூஸ் பெட்டியின் பின்முகம் சற்றே தெரிகிறது. ரிலே அங்கேதான் இருக்க வேண்டும். முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் பலகையைக் கழற்று. திருகுகள் அனைத்தையும் எடுத்த பிறகே இழுக்க வேண்டும். பானட் திறக்கும் நெம்புகோல் அந்தப் பலகையோடு சேர்ந்திருந்தால் அதன் திருகுகளையும் கழற்றிவிடு, கேபிளை மடக்காதே. குளிரில் பிளாஸ்டிக் கிளிப்புகள் எளிதில் முறியும் என்பதால், காரின் உட்புறம் சற்றுச் சூடான பிறகு இதைச் செய்வது நல்லது. பிறகு ஹசார்டைப் போட்டுவிட்டு, பெட்டியின் பின்னால் விரலை விட்டு ஒவ்வொரு ரிலேயாகத் தொட்டுப் பார். காதை நம்பினால் ஓசை எங்கிருந்து வருகிறது என்று குழப்பும், விரலுக்குக் குழப்பமில்லை. துடிப்பது தட்டுப்பட்டதும் அதன் மேல் துளி நகப்பூச்சு வைத்துவிடு. கைபேசியை உள்ளே நீட்டி, எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறது என்பதும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்.

இனி பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றிவிடு. கழற்றியதும் உள்ளே கைவிடாதே. ஏர்பேக் சுற்றில் எஞ்சியிருக்கும் மின்சாரம் வடிவதற்கு 90 விநாடியாவது காத்திருக்க வேண்டும் என்று டொயோட்டாவே சொல்கிறது. நீ ஒரு காப்பி குடித்துவிட்டு வா. மஞ்சள் உறையிட்ட வயர்களும் மஞ்சள் கனெக்டர்களும் ஏர்பேக்குக்கு உரியவை. அவை குறுக்கே வந்தாலும் கழற்ற வேண்டாம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, முழுக்கைச் சட்டை அணிந்துகொள். டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள இரும்புப் பட்டைகளின் ஓரம் பிளேடு போல இருக்கும். என் முன்கையில் நீ சிறுவயதில் எண்ணிப் பார்த்த கோடுகள் எல்லாம் அங்கே வாங்கியவைதான்.

சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, கதவோரம் மடித்த துண்டைப் போட்டு, முதுகைக் கீழே சாய்த்துத் தலையைப் பெடல்களின் அருகே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து மண்ணும் தூசும் கொட்டும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். நெற்றியில் கட்டும் டார்ச்சும் வேண்டும். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த இடத்தில் கையும் கண்ணும் ஒரே நேரத்தில் போக வழியிராது. ஒரு முறை நன்றாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு விரலால் மட்டும் வேலை செய். ரிலேயின் பக்கவாட்டில் பூட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, இருந்தால் அதை அழுத்தியபடி நேராக வெளியே இழு. மிகச் சிறிதாக இப்படியும் அப்படியும் அசைக்கலாம், ஆனால் சாய்த்து நெம்பினால் சாக்கெட்டின் உள்ளேயிருக்கும் தகடு ரிலேயோடு சேர்ந்து வந்துவிடும். அதன் பிறகு அரைமணி வேலை அரைநாள் வேலையாகும்.

ரிலே கைக்கு வந்ததும் அதன் கால்களைப் பார். ஏதாவது ஒன்று கருகியோ நீலம் பாரித்தோ இருந்தால், சாக்கெட்டில் அதற்குரிய துளையிலும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். அப்படியானால் புது ரிலேயும் நெடுநாள் உழைக்காது. அந்தத் தகட்டையும் மாற்ற வேண்டும். அதை நீ செய்ய வேண்டாம், பட்டறைக்கே கொடு. சாக்கெட் சுத்தமாக இருந்தால், மல்டிமீட்டரின் முனைகளில் நுனி மட்டும் தெரியும்படி டேப் சுற்றி, பேட்டரியை மீண்டும் இணைத்துச் சோதித்துப் பார். ஒரு துளையில் சாவி இல்லாமலே 12 வோல்ட் இருக்க வேண்டும், அது ஹசார்டுக்கானது. இன்னொன்றில் சாவி போட்ட பிறகு வர வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, எர்த் துளைக்கும் காரின் வெற்று உலோகத்துக்கும் இடையே மீட்டர் ஒலிக்க வேண்டும். மூன்றும் சரியென்றால் பழுது ரிலேயில்தான். சோதனை முடிந்ததும் பேட்டரியை மறுபடி கழற்றிவிட மறக்காதே.

புதியது வாங்கும்போது உருவத்தைப் பார்த்து வாங்காதே. பழையதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டி வாங்கு. டொயோட்டாவின் எட்டுக்கால் பிளாஷரில் இரண்டு மின்வரவு, ஓர் எர்த், இட வலப் பல்புகளுக்கு ஒவ்வொன்று, சுவிட்சுகளிலிருந்து வரும் கட்டளைக்கு மூன்று என்று கால்கள் பங்கிடப்பட்டிருக்கும். அங்கே மூன்றுகால் பொது ரிலேயை ஒட்டுப்போட்டு வைப்பதில் அர்த்தமில்லை. எல்இடி பல்புக்கும் ஏற்றது என்று விற்கும் ரிலேயும் உனக்கு வேண்டியதில்லை. அது பல்பு போனால் வேகமாகத் துடித்துக் காட்டாது. சாதாரண பல்பு எரியும் காரில் அந்த எச்சரிக்கையை இழப்பானேன்? இன்னொரு யோசனையும் உனக்குச் சிலர் சொல்லக்கூடும்: அடுத்த முறை கை எளிதில் எட்டட்டும் என்று நீள வயர் இழுத்து ரிலேயைக் கீழே தொங்கவிடுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதிர்வில் ஆடும் இணைப்பு ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு பழுது.

மாட்டும்போது, படத்தில் உள்ள திசையிலேயே வைத்து, கால்கள் துளைகளில் அமர்வதை விரல் உணர்ந்த பிறகே அழுத்து. பலகையை மூடுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, சாவியில்லாமல் ஹசார்டையும், சாவி போட்டு இடத்தையும் வலத்தையும் பார்த்துவிடு. நான்கு மூலைகளும் எரிகின்றனவா என்று மாப்பிள்ளையை வெளியே நின்று சொல்லச் சொல். ரேடியோவும் கடிகாரமும் பழைய நினைவை இழந்திருக்கும். அவற்றைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

பழைய ரிலேயைக் குப்பையில் போட்டுவிடாதே. கோடை விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் ஒரு மூலையில் வைத்துக் கொண்டுவா. மூடியைத் திறந்து, உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தால் பற்றவைத்துச் சரி செய்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உன்னிடமே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா