எட் வால்ஷுக்கு மட்டும் 1908 ஏன் முடியவே இல்லை? பேஸ்பால் சிமுலேஷன் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டின் எஞ்சினை எழுதும் குழுவினருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

போன வாரம் நீங்கள் போட்ட அப்டேட் பற்றித்தான் இந்த மடல். என்ன நடந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வரி: வெவ்வேறு காலத்து நிஜ வீரர்களை, அவர்களின் ஏதோ ஒரு வருடத்து எண்களோடு வாங்கி அணி கட்டும் விளையாட்டு இது; அப்டேட்டுக்குப் பிறகு பழைய காலத்துப் பந்து வீச்சாளர்களை அடிக்கவே முடிவதில்லை. உங்களிடம் குவிந்திருக்கும் புகார்களில் என்னுடையதும் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று தானியங்கிப் பதில் வந்தது. அவ்வளவு முக்கியமான கருத்தை அப்புறம் யாராவது படித்தார்களா என்று மட்டும் தெரியவில்லை. ஆகவே இப்போது பொதுவில், என் மொழியில் எழுதுகிறேன். இந்த விளையாட்டை ஆடும் தமிழர்கள் நாலு பேர் படித்தாலும் சரி, உங்களில் ஒருவர் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தாலும் சரி.

கேட்பது ஒன்றுதான். மட்டையால் அடிக்கும் பேட்டரின் எண்களை அவர் ஆடிய காலத்துச் சராசரியோடு வைத்துத் திருத்துகிறீர்கள் அல்லவா? அதையே பந்து வீசும் பிட்சருக்கும் செய்யுங்கள்.

என் அணி அடித்து ஆடும் அணி. சம்பள வரம்பில் பெரும்பங்கைப் பேட்டர்களுக்கே கொடுத்தேன்: 1921 பேப் ரூத், 1924 ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, 1994 டோனி க்வின். மிச்சக் காசில் நடுத்தரமான பிட்சர்கள். இப்படி ஓர் அணி வைத்தால் ஒரு நாள் 9-7 என்று ஜெயிக்கும், இன்னொரு நாள் 8-10 என்று தோற்கும். அது தெரிந்துதான் கட்டினேன். 162 ஆட்டத்தில் பாதியைத் தாண்டியிருந்தோம், நாலாவது இடம், பிளேஆஃப் கைக்கெட்டும் தூரம். அந்த நேரத்தில் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அப்டேட் வந்தது. அடுத்த தொடரே பிட்சர் 1908 எட் வால்ஷை வைத்திருக்கும் அணியோடு.

உங்கள் ஊர் இரவில் ஓடும் ஆட்டத்தின் ஸ்கோர் எனக்குக் காலைக் காப்பியோடு வரும். முதல் ஆட்டம் 1-0, தோல்வி. சரி, நடப்பதுதான். பந்துக்குப் பந்து விவரத்தைத் திறந்தேன். ரூத்துக்கு முதல் இன்னிங்ஸில் மட்டையை அசைக்காமலே ஸ்ட்ரைக் அவுட். நாலாவதில் பந்து பிட்சரின் கைக்கே உருண்டு போனது. ஏழாவதில் மறுபடி ஸ்ட்ரைக் அவுட். ஒன்பதாவதில் இரண்டு அவுட், செகண்ட் பேஸில் ஆள் நிற்கிறார், ரூத் வருகிறார், ஷார்ட்ஸ்டாப் இரண்டடிகூட நகராமல் பிடிக்கிற மாதிரி ஒரு பாப்-அப். ஆட்டம் முடிந்தது. ஹார்ன்ஸ்பிக்கு ஒரு சிங்கிள், க்வின்னுக்கு ஒன்றுமில்லை. எதிரணியின் அந்த ஒரு ரன்னாவது அடித்து வந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரு வாக் (அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்), ஒரு பன்ட் (மட்டையால் மெல்லத் தட்டுவது), என் தேர்ட் பேஸ்மேன் கைநழுவ விட்ட ஒரு பந்து. இரண்டு பக்கமும் யாரும் அடிக்காமலே ஒரு ஆட்டம் முடிந்திருக்கிறது.

இரண்டாம் ஆட்டத்தில் வேறு பிட்சர், அவரும் அதே காலத்து ஆள். 2-1, தோல்வி. மூன்றாவதில் மறுபடியும் வால்ஷ். நடுவில் ஒரே ஓர் ஆட்டம்தான் ஓய்வு; களைப்புக் கோட்டைப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுதாகப் பச்சை. 2-0. தொடர் முழுவதிலும் என் அணிக்கு ஒரு ரன்.

அந்த ஆள் ஏன் களைப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். 1908ல் வால்ஷ் 464 இன்னிங்ஸ் வீசினார். மறுக்கவில்லை, நிஜமாகவே வீசினார். 66 ஆட்டங்கள், அவற்றில் 42 ஆட்டங்களைத் தொடங்கியதும் அவர், கடைசி வரை முடித்ததும் அவர். ஆனால் யாருக்கு வீசினார், எந்தப் பந்தை வீசினார்? அந்த வருடம் அமெரிக்கன் லீக்கில் எல்லோரையும்விட அதிக ஹோம் ரன் அடித்த சாம் க்ராஃபோர்டின் கணக்கு 7. வால்ஷின் சொந்த அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ் சீசன் முழுவதும் அடித்தது 3. அந்த மூன்றில் ஒன்றை அடித்தவரே வால்ஷ்தான் என்றால் நிலைமை புரியும். அழுக்கேறி மெத்தென்று ஆன ஒரே பந்தை வைத்து இன்னிங்ஸ் இன்னிங்ஸாக ஓட்டிய காலம் அது. எச்சில் தடவி வீசுவது சட்டப்படி சரி; வால்ஷின் ஆயுதமே எச்சில் பந்துதான். வேலிக்கு அப்பால் தூக்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லாததால் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீச வேண்டிய தேவையும் அன்றைய பிட்சர்களுக்கு இல்லை. அதனால்தான் 464 இன்னிங்ஸ் முடிந்தது. ரூத்துக்கும் ஹார்ன்ஸ்பிக்கும் க்வின்னுக்கும் அடுத்தடுத்து வீசிக்கொண்டு அவரால் அதைச் செய்ய முடிந்திருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

1920ல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டு ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்த பிறகு, அழுக்கான பந்தை மாற்றிவிட்டு வெள்ளைப் பந்து கொடுக்கும் பழக்கமும் உறுதிப்பட்டது. ரூத்தின் ஹோம் ரன் 1919ல் 29, 1920ல் 54, 1921ல் 59. காலம் மாறியது, எண்களும் மாறின. இந்தப் பாதிக் கதை உங்கள் எஞ்சினுக்கும் தெரிந்திருக்கிறது. ரூத்தின் 59ஐ அது குறைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது. 1930 பில் டெர்ரியின் .401 அடி சராசரியையும் (ஆயிரத்துக்கு 401 ஹிட்) குறைக்கிறது. அந்த வருடம் நேஷனல் லீக் மொத்தமுமே .303 அடித்ததால் அதுவும் நியாயம்தான். எனக்கு அதில் சண்டை இல்லை. வால்ஷின் ஈ.ஆர்.ஏ. (பீல்டர்களின் தவறால் வந்ததைக் கழித்து, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விடும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது) 1.42 மட்டும் ஏன் திருத்தமே இல்லாமல் அப்படியே உள்ளே வருகிறது?

1908ல் அமெரிக்கன் லீக்கின் சராசரி ஈ.ஆர்.ஏ. 2.4 அளவில் இருந்தது. 2000ல் அதே லீக்கில் 4.9 அளவில். அந்த 2000ல், பந்து பறந்துகொண்டிருந்த அந்த வருடத்தில், பெட்ரோ மார்டினெஸின் ஈ.ஆர்.ஏ. 1.74. மற்றவர்கள் 100 ரன் விட்ட இடத்தில் வால்ஷ் 60 விட்டார், பெட்ரோ 35 விட்டார். இருவரில் யார் பெரிய பிட்சர் என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். உங்கள் எஞ்சின் 1.42ஐயும் 1.74ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சின்ன எண் எதுவோ அவரே பெரிய ஆள் என்கிறது. இன்னிங்ஸ் கணக்கு வேறு 464க்கு எதிராக 217. பெட்ரோவை எங்கள் லீக்கில் இப்போது வாங்குவாரே இல்லை. 1994 க்ரெக் மாடக்ஸ், 1.56, அவரும் பெஞ்சில்தான் இருக்கிறார்.

நிகழ்தகவுக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. பேட்டரும் பிட்சரும் மோதினால் என்ன ஆகும் என்று கணிக்க, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் சொன்ன லாக்5 முறைக்கு மூன்று எண் வேண்டும்: பேட்டருடையது, பிட்சருடையது, லீக்கின் சராசரி. அந்த மூன்றாவது எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. .260 அடிக்கும் லீக்கில் .300 அடிக்கும் பேட்டர் ஒருவர்; .240 மட்டுமே அடித்த காலத்தில் எதிராளிகளை .200ல் நிறுத்திய பிட்சர் ஒருவர். பிட்சரை அவர் காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டுக் கொண்டுவந்தால் அந்தப் பேட்டர் அவரிடம் .253 அடிக்க வேண்டும். .200ஐ அப்படியே எடுத்துப் போட்டால் .234. ஒரு வரி கோட் மாற்றத்தில் ஆயிரத்துக்கு இருபது ஹிட் காணாமல் போகிறது. ஒரே பட்டியலில் வரிசையாக எல்லாப் பேட்டருக்கும், ஒவ்வோர் ஆட்டத்திலும் போகிறது. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடைக்கல்லைச் சரிபார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் இப்படித்தான்.

1961ல் வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் விளையாட்டில் கணினி கிடையாது, அட்டையும் பகடையும்தான். முதல் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்ப்பார்கள், 4 முதல் 6 வரை என்றால் பிட்சரின் அட்டையை. பாதிக்குப் பாதி. ஒரு பகடைக்கு இருந்த நடுநிலை ஒரு சர்வருக்கு வரக்கூடாதா?

"எல்லோருக்கும் ஒரே பட்டியல்தானே, வேண்டுமானால் நீங்களும் வால்ஷை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது உங்கள் தரப்பில் சொல்லப்படும் பதில். எடுக்கலாம்தான். எல்லோரும் அதைத்தான் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1913 வால்டர் ஜான்சன், 1909 மாத்யூசன், 1906 மூன்று விரல் பிரவுன், 1914 டச் லியனார்ட், அப்புறம் நம் வால்ஷ். எந்த அணியின் பக்கத்தைத் திறந்தாலும் இந்த ஐந்து பெயர்களில் குறைந்தது இரண்டு இருக்கிறது. "நூற்றாண்டு பேஸ்பாலின் வீரர்கள் ஒரே மைதானத்தில்" என்று முகப்பில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை "பதினைந்து வருட பேஸ்பாலின் பிட்சர்கள்" என்று மாற்றிவிட்டால் குறைந்தபட்சம் விளம்பரமாவது உண்மையாக இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. என் அணி ஹோம் ரன் அடித்தால் திரையில் வாணவேடிக்கை காட்டும் வசதியைத் தனியாகக் காசுக்கு விற்கிறீர்கள். நானும் வாங்கி வைத்திருக்கிறேன். அப்டேட்டுக்குப் பிறகு அந்த மத்தாப்பு ஒருமுறைகூடக் கொளுத்தப்படவில்லை. புதுச் சீருடை வடிவமைப்பு, மைதானத்துக்குப் புதுப் பின்னணி, தொப்பிக்குப் பத்து நிறம் என்று மாதாமாதம் ஏதோ ஒன்று வருகிறது. அதற்கெல்லாம் ஆளும் நேரமும் கிடைக்கிறது. எஞ்சினில் என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு பத்தி எழுதிப் போட மட்டும் யாரும் கிடைக்கவில்லை. சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். மன்னிக்கவும்.

நான் அடிப்பவர்களின் சொர்க்கத்தைக் கேட்கவில்லை. இந்த விளையாட்டிலேயே முன்பு ஒரு காலத்தில் 14-11 என்றெல்லாம் ஸ்கோர் வந்து, பிட்சருக்குச் செலவழிப்பதே வீண் என்று இருந்தது. அதற்கும் புகார் சொன்னவர்களில் நானும் ஒருவன். 1930 பிலடெல்பியா பிலீஸ் அணி .315 அடித்தும் கடைசி இடத்தில் முடிந்தது. காரணம், அவர்களின் பிட்சர்களின் ஈ.ஆர்.ஏ. 6.71. அந்த மாதிரி ஆட்டத்தைத் தினமும் பார்க்க எனக்கும் ஆசையில்லை. ஒரு பக்கம் சாய்ந்ததை நிமிர்த்தச் சொன்னால் மறுபக்கம் குப்புறத் தள்ளிவிட்டீர்கள்.

நிஜ பேஸ்பாலிலும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 1968ல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12. அமெரிக்கன் லீக்கில் .300ஐத் தாண்டிய ஒரே ஆள் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, அவரும் .301தான். ஒரு அணி ஒரு ஆட்டத்துக்கு எடுத்த சராசரி ரன் 3.42. என்ன செய்தார்கள்? சீசன் முடியும் வரை பொறுத்தார்கள். அதன் பிறகு, பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கினார்கள், ஸ்ட்ரைக் ஸோனை (பந்து ஸ்ட்ரைக்காக ஏற்கப்படும் பரப்பை) சுருக்கினார்கள், எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்தார்கள். 1969ல் சராசரி 4.07க்கு ஏறியது. 2023ல் பிட்ச் கிளாக்கை (பந்து வீச நேர வரம்பு வைக்கும் கடிகாரத்தை) கொண்டுவந்தபோதும் அதற்கு முன்பே மைனர் லீக்குகளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே கொண்டுவந்தார்கள். ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரும் மண்வெட்டியோடு போய் மேட்டை வெட்டவில்லை. கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே அவ்வளவு நிதானம் முடிந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு சோதனை லீக் வைத்து, ஒரு சீசனை ஓட்டிப் பார்த்து, மொத்த லீக்கின் சராசரி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அவ்வளவு கஷ்டமா? ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். காசு வாங்காமல் சோதித்துத் தர எங்களில் பலர் தயார்.

ஆகவே மறுபடியும், பணிவாகவே கேட்கிறேன். பேட்டருக்குக் காலக் கணக்கு உண்டென்றால் பிட்சருக்கும் அதே காலக் கணக்கு. ஈ.ஆர்.ஏ.வுக்கு மட்டுமல்ல, இன்னிங்ஸுக்கும்தான். 464 இன்னிங்ஸ் 1908ல் எவ்வளவு பெரிய விஷயமோ அந்த அளவுக்கான உடல்வலுவை மட்டும் வால்ஷுக்குக் கொடுங்கள். அப்போதும் அவர் பட்டியலில் மேலேதான் இருப்பார், மேதை மேதைதான். ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் வந்து நிற்க மாட்டார், அவ்வளவுதான். பாதியில் இருக்கும் சீசன்களைப் பழைய எஞ்சினிலேயே முடிய விடுங்கள். திருத்தத்தை அடுத்த சீசனின் தொடக்கத்தில், தேதி சொல்லிக் கொண்டுவாருங்கள்.

எங்கள் லீக்கில் அடுத்த சீசனுக்குச் சந்தா கட்டும் கடைசி நாள் நெருங்குகிறது. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுக் கட்டலாம் என்றிருக்கிறேன். நீளமாக எதுவும் வேண்டாம். பிட்சருக்கும் காலக் கணக்கு வருமா, வந்தால் எந்தத் தேதியில், இந்த இரண்டு மட்டும் போதும்.

இப்படிக்கு,
மூன்று ஆட்டத்தில் ஒரு ரன் எடுத்த அணியின் மேலாளர்