அப்பாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

வெள்ளவத்தை, கொழும்பு
ஐப்பசி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தை பிறந்ததும் நம் வீட்டுப் பின்கட்டை இடித்துக் கட்டப்போவதாகப் போனில் சொன்னீர்கள். இரண்டு மாதமாக இந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் நாங்கள் பட்டதை எழுதினால் உங்களுக்கு உதவும் என்று தோன்றியது.

நம் ஊரில் சந்து என்பதை இங்கே ஒழுங்கை என்கிறார்கள். எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. அகலம் 10 அடிதான். லொறி நின்றால் ஆட்டோகூட நுழையாது. கொத்தனாரை பாஸ் என்று கூப்பிடுகிறார்கள். மணல் கியூப் கணக்கு. 100 கன அடி, நம் ஊர் யூனிட்டேதான்.

முதல் தடவை இரண்டு கியூப் மணலையும் ஒரே நாளில் இறக்கச் சொல்லிவிட்டோம். லொறி வந்தது பிற்பகல் 3 மணிக்கு. இந்த மாதத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இடிமழை கொட்டிவிடும். தார்ப்பாய் வாங்கி வைக்கவில்லை. அரைமணி நேர மழையில் மணல் ஓடிக் கானை, அதாவது தெருச் சாக்கடையை, அடைத்து, அழுக்குத் தண்ணீர் எதிர்வீட்டுச் சிங்கள அக்காவின் முற்றத்தில் ஏறிவிட்டது. அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "நங்கி" (தங்கச்சி) என்று என்னைக் கூப்பிட்டு, தன் மண்வெட்டியோடு வந்து எங்களோடு நின்று கானைத் தோண்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் அரை கியூபுக்கு மேல் எடுப்பதில்லை. காலையில் வரவழைத்து, சாக்கில் அள்ளி, மதியத்துக்குள் உள்ளே வைத்துவிடுகிறோம். லொறி வருவதை முதல் நாளே ஒழுங்கையில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமி போயா அன்று எல்லாம் விடுமுறை என்பதால் காலண்டரில் அதையும் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் பெரிய தவறு அது இல்லை அப்பா. பழைய தரையை உடைத்து வெளியேற்றும் முன்பே டைல்ஸை வாங்கிவிட்டோம். விலை ஏறிவிடுமோ என்ற பயம்தான். பெட்டிகள் ஹாலில் மூன்று வாரம் கிடந்தன. மூன்று தடவை இடம் மாற்றியதில் 11 டைல்ஸ் உடைந்தன. அதே நிறத்தில், அதே பேட்ச் எண்ணில் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதனால் இடிசல் எந்த நாளில் வெளியே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது போன மறுநாள் பொருள் வரட்டும். சுவராக நிற்கும்போது கொஞ்சமாகத் தெரிவது, உடைத்துப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கிறது.

குப்பை லொறி இதை எடுக்காது. தனி டிப்பர் பிடிக்க வேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து, வீடுகள் புதைந்து, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை அத்தை சொல்லக் கேட்டதிலிருந்து, எங்கே கொட்டுவார் என்று கேட்காமல் எந்த டிரைவருக்கும் நான் பணம் கொடுப்பதில்லை. முழுச் செங்கல்லைத் தனியே அடுக்கினோம், கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டோம், உடைசலில் பாதியைத் தரை நிரப்பவே பயன்படுத்தினோம். டிப்பர் ஒரு நடையோடு முடிந்தது.

சிமெண்டைத் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். மூன்று மாதத்துக்குமேல் வைத்தால் வலு குறைந்துவிடும்.

பின்கட்டுச் சாய்ப்பில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதை மட்டும் தயவுசெய்து உடைக்க விடாதீர்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்தும் நோய் வரும். நனைத்து, முழுத் தகடாக இறக்கி, மற்ற இடிசலோடு கலக்காமல் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

சிமெண்ட் வேலையை நனைத்து வைக்கும் கியூரிங் தண்ணீர் பிடிக்கும் டிரம்மை மூடி வையுங்கள். இங்கே சுகாதாரப் பரிசோதகர் வந்து வாளி வாளியாகப் பார்த்துவிட்டுப் போனார். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளிலேயே டெங்கு கொசு பறந்துவிடும்.

சந்து முனையிலிருந்து கொல்லை வரை அகலத்தை அளந்து எழுதுங்கள். எந்த வண்டி வரும் என்று உங்கள் மாப்பிள்ளை பார்த்துச் சொல்வார். ஆச்சி காலத்து நிலைக்கதவைக் கழற்றினால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சாக்கு சுற்றி மாடி அறையில் வையுங்கள், சித்திரைக்கு வரும்போது பார்க்கிறேன்.

உங்கள் அன்பு மகள்